நர்சிங் படிக்கும்போதே சட்டம், கொள்கைன்னு இறங்கினவங்க, உங்க அனுபவத்தச் சொல்லுங்க

மதுரைப் பக்கம், பி.எஸ்சி நர்சிங் கடைசி வருஷம்:

எல்லாருக்கும் வணக்கம். போன செமஸ்டர்ல கேஷுவால்ட்டி போஸ்டிங்ல எங்க ஜூனியர் ஒருத்திய பேஷண்ட்டோட வந்த ஆளு கையப் புடிச்சுத் தள்ளிவிட்டுட்டாரு, டாக்டர் பாக்குற வரைக்கும் கொஞ்சம் வெளிய நில்லுங்கண்ணேன்னு சொன்னா, அவ்வளவுதான். இன்சார்ஜ் சிஸ்டர் ஓடி வந்து நின்னாங்க, அவங்க நல்லவங்க. ஆனா மேல இருந்து வந்த பதில் என்னன்னா, நீங்க ஸ்டூடண்ட்ஸ்தானே, ஸ்டாஃப் இல்லையே, கம்ப்ளைண்ட் எல்லாம் எதுக்கு, படிப்பப் பாருங்கன்னு. அன்னிக்கு ராத்திரியே ஹாஸ்டல்ல உக்காந்து தேடினோம், 2008-ஆம் வருஷத்து தமிழ்நாடு சட்டம் 48 கிடைச்சுது. ஆஸ்பத்திரில வேலை பாக்குறவங்க மேல கை வச்சா ஜெயில், குறைஞ்சது 3 வருஷம், 10 வருஷம் வரைக்கும் போகலாம். யாருக்கெல்லாம் இந்தப் பாதுகாப்புன்னு அதுல ஒரு பட்டியல் இருக்கு, டாக்டர், நர்ஸ், மெடிக்கல் ஸ்டூடண்ட், கூடவே நர்சிங் ஸ்டூடண்ட்னு தனியாவே போட்டிருக்கு! பிரிண்ட் எடுத்து அந்த வரிக்குக் கீழ கோடு போட்டு பிரின்சிபால் மேடம்கிட்ட குடுத்தோம். மேடம் முழுசாப் படிச்சுட்டு அவங்களே கையெழுத்துப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. இப்போ கேஷுவால்ட்டி வாசல்ல அந்தச் சட்டத்த போர்டா எழுதி மாட்டியிருக்காங்க, நைட்ல ஸ்டூடண்ட்ஸ தனியா விடுறதும் இல்ல.

நாலு வருஷம் படிக்கிறோம், நம்ம பேரே இருக்குற அந்த வரிய யாரும் நமக்குக் காட்டல, அதுதான் எனக்கு ஆத்தாமை. இந்த மாதிரி வேற யாராச்சும் செஞ்சிருக்கீங்களா?

சென்னை, ஐ.சி.யூ ஸ்டாஃப்:

நல்ல வேலை செஞ்சிருக்க தங்கச்சி. நான் படிக்கும்போது கொரோனா, காலேஜ் மூடி எல்லாரும் வீட்ல. 2020 நவம்பர்ல நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கமிஷன் மசோதாவோட வரைவ மத்திய சுகாதார அமைச்சகம் வெப்சைட்ல போட்டு கருத்து கேட்டாங்க. 1947-ல வந்த இந்தியன் நர்சிங் கவுன்சில் சட்டத்த எடுத்துட்டு இதக் கொண்டுவர்றாங்க, நம்ம ரெஜிஸ்ட்ரேஷன், காலேஜ் அங்கீகாரம், அட்மிஷன் எல்லாம் இதுக்குள்ளதான். சட்ட வரைவு போட்டா பொதுமக்களுக்கு குறைஞ்சது 30 நாள் டைம் குடுக்கணும்னு மத்திய அரசோட 2014 கொள்கையே சொல்லுது, அது எங்களுக்கு அப்பதான் தெரியும். வாட்ஸ்அப்ல ஆளுக்கு ஒரு அத்தியாயம்னு பிரிச்சுக்கிட்டு படிச்சோம், பாதி புரியல, போன் போட்டு போட்டு ஒருத்தருக்கொருத்தர் விளக்கிக்கிட்டோம். முதல்ல நாங்க எழுதினது எல்லாம் நர்ஸ்களுக்கு மரியாதை வேணும், அங்கீகாரம் வேணும்ங்கிற மாதிரி. எங்க டியூட்டர் அக்கா பாத்துட்டு, இப்படி பொதுவா எழுதினா யாரும் எடுத்துக்க மாட்டாங்க, எந்தப் பிரிவு, எந்த வார்த்தைய எடுக்கணும், அங்க என்ன வரணும்னு எழுதுங்க, ஏன்னு கேட்டா வார்டுல நீங்க கண்ணால பாத்தத ரெண்டு வரி எழுதுங்கன்னாங்க. அப்படியே திருத்தி மெயில் அனுப்பினோம்.

2023 ஜூலைல லோக்சபா, ஆகஸ்ட்ல ராஜ்யசபா, சட்டமாயிடுச்சு. 29 பேர் கமிஷன், தலைவரா வர்றவங்க நர்சிங்ல பி.ஜி முடிச்சு 20 வருஷ அனுபவம் இருக்குறவங்களா இருக்கணும், அது நிஜமாவே பெரிய விஷயம். நாங்க கேட்ட ஸ்டூடண்ட் பிரதிநிதி மட்டும் அதுல இல்ல. எனக்கு வருத்தம்தான். ஆனா ஒவ்வொரு ஸ்டேட்டும் தனியா கமிஷன் அமைக்கணும்னு அதே சட்டத்துல இருக்கு, அதுக்கு விதிமுறை எழுதும்போது நாம திரும்பவும் கேக்கணும், விடக்கூடாது.

ஜி.என்.எம் (நர்சிங் டிப்ளமா), தர்மபுரி மாவட்டம்:

சட்டம்னா டெல்லி, சென்னைன்னு நினைக்காதீங்க ப்ளீஸ். கம்யூனிட்டி போஸ்டிங்ல நாம வீடு வீடாப் போயி சர்வே எடுக்குறோம்ல, அத கிராஃப் போட்டு ஃபைல் பண்ணி மார்க் வாங்கினதும் அலமாரிக்குப் போயிடும். நாங்க போன ஊர் மலை மேல. மலைப்பகுதின்னா 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் இருக்கணும், சமவெளின்னா 5,000. எங்க கணக்குல அந்த ஒரே நிலையத்த நம்பி இருந்தவங்க அதவிட ரொம்ப அதிகம், கடைசிக் குடிசைல இருந்து நடந்து வரவே ஒரு காலைப்பொழுது போயிடும், அதுல நிறைமாசக்காரங்க வேற. அங்க இருக்குற வி.எச்.என் (கிராம சுகாதார நர்ஸ்) அக்கா ஒத்தை ஆளா தடுப்பூசி, பிரசவ செக்கப், சுகர் பிரஷர் மாத்திரை எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு ஏறி இறங்குறாங்க, பாத்தா கண் கலங்கும்.

அந்த அக்காதான் சொன்னாங்க, அக்டோபர் 2 கிராம சபை வருது, அதுல வைங்கம்மான்னு. நாங்க அந்த ஊர் வாக்காளர் இல்ல, தீர்மானம் கொண்டுவர முடியாது. அதனால ஊர்ல ஒரு அம்மா எந்திரிச்சுப் பேசினாங்க, போன மழைல அவங்க மருமகள தொட்டில் கட்டித் தூக்கிட்டு வந்தத சொன்னாங்க, நாங்க பக்கத்துல நின்னு சர்வே நம்பர மட்டும் வாசிச்சோம். கூட்டம் அப்படியே அமைதியாயிடுச்சு. இன்னொரு வி.எச்.என் வேணும்னு தீர்மானம் நோட்டுல ஏறிச்சு. அதோட நகல வச்சு ஊர்க்காரங்க திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர்கிட்ட மனு குடுத்தாங்க. போஸ்ட் இன்னும் வரல, ஆனா நடமாடும் மருத்துவக் குழு இப்போ அந்தக் கடைசிக் குடிசை வரைக்கும் வருது.

தென்காசி, கோட்டயத்துல படிச்சவன்:

சம்பள விஷயத்தையும் சேத்துக்கோங்க. தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ் சம்பளம் பத்தி 2016 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய அரசு கமிட்டி போட்டுச்சு. 200 பெட்டுக்கு மேலன்னா கவர்ன்மெண்ட் நர்ஸுக்குச் சமமா, 50-க்குக் கீழன்னாலும் 20,000-க்குக் குறையாம குடுக்கணும்னு பரிந்துரை. பரிந்துரைதான், அமல்படுத்துறது ஸ்டேட் கையில. கேரளால நர்சுங்க விடாம போராடி, சேர்த்தலைல இருந்து திருவனந்தபுரம் வரைக்கும் நடக்கப் போறோம்னு கிளம்புற நேரத்துல, 2018 ஏப்ரல்ல குறைஞ்சபட்ச சம்பள அறிவிப்பு வந்துச்சு. நாங்க அப்போ ஸ்டூடண்ட்ஸ், பாஸ் அவுட் ஆன சேட்டன் சேச்சிங்ககிட்ட பெட் எண்ணிக்கை, அனுபவம், கைக்கு வர்ற சம்பளம் மூணு மட்டும் வாங்கித் தொகுத்துக் குடுத்தோம். பேர் கேக்கல, கேட்டா பயத்துல யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நம்ம ஊர்லயும் ஃபைனல் இயர் பசங்க இந்தக் கணக்க எடுக்கணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன்.

திருநெல்வேலி, மூணாவது வருஷம்:

எல்லாம் சரிக்கா, இன்டர்னல் மார்க் அவங்க கையிலதான இருக்கு? பேசினா பேர் குறிச்சு வச்சுக்குவாங்களோன்னு எங்க செட்ல எல்லாருக்கும் பயம்.

சென்னை, ஐ.சி.யூ ஸ்டாஃப்:

பயம் நியாயம்தான்மா. ஒருத்தியா போகாத. எஸ்.என்.ஏ, அதாவது ஸ்டூடண்ட் நர்சஸ் அசோசியேஷன் யூனிட் உங்க காலேஜ்ல இருக்கும், 1929-ல இருந்து இருக்குற அமைப்பு அது, விளையாட்டு விழாவுக்கு மட்டும் இல்ல. யூனிட் பேர்ல, அட்வைசர் மேடம் கையெழுத்தோட லெட்டர் போட்டா அது காலேஜோட லெட்டர். குறையா எழுதாம கேள்வியா எழுதுங்க. டீச்சிங் ஆஸ்பத்திரி ஜெனரல் வார்டுல 3 பேஷண்ட்டுக்கு ஒரு நர்ஸ்னு இந்தியன் நர்சிங் கவுன்சில் நெறிமுறை சொல்லுது, நம்ம வார்டுல எத்தனைன்னு கேட்டா அது படிப்பு சம்பந்தப்பட்ட கேள்விதான். அரசு ஆஸ்பத்திரின்னா 10 ரூபா கட்டி ஆர்.டி.ஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடலாம், 30 நாள்ல பதில் சொல்லணும்.

மதுரைப் பக்கம், பி.எஸ்சி நர்சிங் கடைசி வருஷம்:

அக்கா, நீங்க அன்னிக்கு அனுப்பின மெயில் இன்னும் இருந்தா பேரெல்லாம் எடுத்துட்டு இங்க போடுங்க, எப்படி எழுதணும்னு எங்களுக்கு அதான் மாதிரி. நெல்லை தங்கச்சி, உங்க அட்வைசர் மேடம்கிட்ட பேசிட்டு சொல்லு, ரெண்டு காலேஜ் யூனிட்டும் சேந்தே அந்த வார்டு கணக்க எடுக்கலாம்.