புதுப்பிப்பு: சா கலோப்ரா ஏறிவிட்டேன்

போன வாரம், ஸ்பெயினின் மயோர்கா தீவில் சா கலோப்ரா மலைச்சாலை ஏற்றத்துக்கு, சைக்கிளின் பின்சக்கரத்தில் 28 பல் உள்ள பல்சக்கரம் போதுமா என்று கேட்டிருந்தேன், பல் கூடினால் ஏற்றத்தில் மிதிப்பது லேசு, 32 போடுங்கள் என்று பலரும் சொன்னீர்கள். போட்டேன், நேற்று ஏறியும்விட்டேன், ரொம்ப நன்றி. சாலை கடலோரத்தில் போய் முடிந்துவிடுவதால், முதலில் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் இறங்கி, சராசரி 7 சதவீதச் சரிவில் வந்த வழியே திரும்ப ஏறியே ஆக வேண்டும். நடுவில் நிழல் குறைவு, சுண்ணாம்புப் பாறை அனலடித்தது, ஹேண்டில்பாரில் சொட்டிய வியர்வை காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் சாலை டை முடிச்சு மாதிரி வளைந்து தன் மேலேயே பாலமாகக் கடக்கிறது, பொறியாளர் அந்தோனியோ பரியெத்தி 1930களில் போட்ட சாலை அது, அங்கே இறங்கி நின்று கண் நிறையப் பார்த்தேன். அப்புறம், தண்ணீர் 2 பாட்டில் கட்டாயம்.