சிறுகுடலின் பிற்பகுதியான இலியத்தின் கடைசிப் பகுதியை எடுத்தால் மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்?

கேள்வி:
சத்துகளில் பெரும்பங்கு சிறுகுடலின் முற்பாதியிலேயே உறிஞ்சப்படுகிறது. அப்படியானால் இலியத்துக்கு முந்திய பகுதியான ஜெஜுனத்தை இழப்பதுதானே பெரிய நஷ்டம்? ஆனால் அறுவையில் ஜெஜுனத்தில் ஒரு மீட்டர் போனவர் சமாளித்துவிடுகிறார். இலியத்தின் முடிவில் அதே ஒரு மீட்டர் போனவருக்கு வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, சிறுநீரகக் கல் என்று ஒவ்வொன்றாக வருகிறது. ஏன்?

பதில் 1:
ஜெஜுனத்தின் வேலையை இலியம் ஏற்றுக்கொள்ளும். இலியத்தின் வேலையை ஜெஜுனம் ஏற்காது. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் இலியத்தாலும் உறிஞ்ச முடியும். தேவை வந்தால் அதன் குடலுறிஞ்சிகள் (உள்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகள்) மாதக்கணக்கில் மெல்ல நீண்டு வளரும். ஆனால் பி12 (ரத்த அணுக்களுக்கும் நரம்புக்கும் தேவையான வைட்டமின்), பித்த உப்பு (கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் சுரப்பது) இரண்டையும் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இலியத்தின் கடைசிப் பகுதியில்தான் இருக்கின்றன.

அங்கே 60 செ.மீ.க்கு மேல் போயிருந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க பி12 ஊசி தேவைப்படும். கல்லீரல் இருப்பு சில ஆண்டுகள் தாங்கும் என்பதால், முதல் வருடப் பரிசோதனை சரியாக வந்ததை நம்பி ஊசியை நிறுத்திவிடக் கூடாது. ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுப்பது இன்னும் ஆபத்து: ரத்தசோகை சரியாகும், நரம்புச் சேதம் உள்ளுக்குள் தொடரும்.

பதில் 2:
பித்த உப்பின் மொத்த இருப்பே 2 முதல் 4 கிராம்தான். அதுவே ஒரு நாளில் பல சுற்று சுற்றிவருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 95% இலியம் வழியாகக் கல்லீரலுக்குத் திரும்பும்.

எடுத்த நீளம் 100 செ.மீ.க்குள் என்றால், தப்பிய பித்த உப்பு பெருங்குடலைத் தூண்டி நீர் சுரக்கவைக்கும். இழப்பைக் கல்லீரல் ஈடுகட்டிவிடும். இங்கே பித்த உப்பைக் கட்டிப்போடும் மருந்தான கோலஸ்டிரமின் நன்றாக வேலை செய்யும். 100 செ.மீ.யைத் தாண்டினால் கல்லீரலால் ஈடுகொடுக்க முடியாது. கொழுப்பு செரிக்காமல் மலத்தோடு போகும், ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கூடவே போகும். இவருக்குக் கோலஸ்டிரமின் கொடுத்தால் மிச்சமிருக்கும் பித்த உப்பையும் கட்டிப்போட்டு நிலைமையை மோசமாக்கும். இரண்டு பேருக்கும் வயிற்றுப்போக்குதான், சிகிச்சை நேர்மாறு. அதனால் அறுவைக் குறிப்பில் எத்தனை செ.மீ. எடுத்தார்கள் என்று பார்க்காமல் மருந்து எழுதவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
சரி, சிறுநீரகக் கல் எப்படி வருகிறது?

பதில் 2:
வழக்கமாகக் குடலில் கால்சியமானது, உணவில் வரும் ஆக்சலேட் என்ற உப்பைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும். செரிக்காத கொழுப்பு அமிலங்கள் அந்தக் கால்சியத்தைப் பறித்துக்கொள்கின்றன. தனித்துவிடப்பட்ட ஆக்சலேட் பெருங்குடல் வழியே ரத்தத்தில் கலந்து சிறுநீரில் சேர்ந்து கல்லாகிறது. கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வது இதனால்தான். வெறும் வயிற்றில் எடுத்தால் இந்தப் பயன் கிடைக்காது.

பதில் 3:
பெருங்குடல் மிஞ்சியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். குடித்ததும் சுரந்ததுமாகத் தினமும் 8–9 லிட்டர் திரவம் சிறுகுடலுக்கு வருகிறது. சுமார் ஒன்றரை லிட்டர்தான் பெருங்குடலை எட்டும், மலத்தில் போவது 100–200 மி.லி. பெருங்குடல் இல்லாமல் ஜெஜுனம் நேராக வயிற்றுத் துளையில் (குடலை வெளியே திறக்க வயிற்றுச் சுவரில் அறுவையால் போட்ட துளை) திறந்தால், தாகத்துக்கு வெறும் தண்ணீர் குடிக்கக் குடிக்க இழப்பு கூடும். ஜெஜுனத்தின் செல் இணைப்புகள் தளர்வானவை. சோடியம் குறைந்த திரவம் உள்ளே வந்தால் ரத்தத்திலிருந்து சோடியமும் நீரும் குடலுக்குள் கசியும். இவர்களுக்கு வெறும் தண்ணீரைக் குறைத்து, லிட்டருக்குக் குறைந்தது 90 மில்லிமோல் சோடியம் கொண்ட குளுக்கோஸ்-உப்புக் கரைசலை நாள் முழுக்கச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும்.