12 வருட வீட்டு மாடியில் நேரடியாக மண் பரப்பிப் பச்சைத் தளம் அமைக்கலாமா? (தாம்பரம், 400 சதுர அடி)

மாடிவாசி:
வணக்கம். தாம்பரம் பக்கம் தரைத்தளம், முதல் மாடி கொண்ட வீடு. தூண், பீம் போட்ட கட்டடம், வரைபடத்தில் தளம் 5 இன்ச். மேலே செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதித்திருக்கிறது. ஓட்டு இணைப்புகள் சில இடங்களில் விட்டிருக்கின்றன, ஆனால் கசிவு இல்லை. மே மாதத்தில் ராத்திரி பதினொரு மணிக்கும் படுக்கையறை சீலிங் அனலடிக்கிறது. அதனால் தொட்டி, பை எதுவும் இல்லாமல் 400 சதுர அடிக்கு மண் பரப்பிப் புல் வளர்க்க எண்ணம். போர் தண்ணீர், டி.டி.எஸ் (கரைந்துள்ள உப்பின் அளவு) 2000.

4 இன்ச் செம்மண் தாங்குமா? தட்டோட்டின் மேலேயே வாட்டர்புரூஃபிங் அடித்துவிட்டுப் போடலாமா? அக்ரிலிக் இரண்டு கோட் போதும் என்கிறார் ஒப்பந்தக்காரர். கொரியன் புல் சரிவருமா?

கம்பிக்கணக்கு:
முதலில் எடைக் கணக்கு. கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதிப்படி ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு எடுக்கும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன். சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ. அது ஆட்களுக்கும் துணி உலர்த்துவதற்கும் வைத்த கணக்கு, நிரந்தரமாக மண்ணைக் கொட்டி வைக்க அல்ல. மழையில் ஊறிய செம்மண் கன மீட்டருக்கு 1900 கிலோ வரை வரும், 4 இன்ச் போட்டால் சதுர அடிக்கு 18 கிலோ. தட்டோட்டை வைத்துக்கொண்டே அதன் மேல் செம்மண் என்றால் பதில் 'கூடாது'தான்.

இடம் கிடைக்க ஒரே வழி, இருப்பதை எடுப்பது. சராசரி 3 இன்ச் ஜல்லி, ஓடு, ஒட்டுக் கலவை எல்லாம் சேர்ந்து சதுர அடிக்கு 18 முதல் 20 கிலோ. அதை எடுத்துவிட்டு வாட்டத்துக்கு (தண்ணீர் ஓடும் சரிவுக்கு) சராசரி ஒன்றரை இன்ச் சிமெண்ட் பூச்சு போட்டால் 7 அல்லது 8 கிலோ திரும்ப ஏறும். அதன் மேல் 3 இன்ச் லேசான மண் கலவை, செடி, வடிகால் தட்டு எல்லாம் ஊறிய நிலையில் 10 அல்லது 11 கிலோ. மொத்தம் 18. பழைய சுமைக்குச் சரிக்குச் சரி. 4 இன்ச் கலவை போட்டால் கொஞ்சம் தாண்டும். எனவே 3 இன்சில் நில்லுங்கள், அதையும் கம்பி விவரம் உள்ள வரைபடத்தைப் பார்த்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். பீமைத் தாண்டி வெளியே நீளும் பகுதியில் (பால்கனிக் கூரை, சன்ஷேடு) ஒரு கூடை மண்கூட வேண்டாம்.

ஓட்டை உடைக்க பிரேக்கர் மெஷின் கொண்டுவருவார்கள், விடாதீர்கள். சின்னச் சுத்தியல், உளி போதும், சுண்ணாம்பு ஜல்லி எளிதாகவே பெயரும். தளம் வெளிப்பட்டதும் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடந்து பார்க்க வேண்டும். பொத்தென்று சத்தம் வரும் இடத்தில் உள்ளே கான்கிரீட் விட்டிருக்கிறது. துருக்கறை தெரிந்தால் தோட்ட வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

இன்னொன்று. கலவையை மேலே ஏற்றும் நாளில்தான் தளத்துக்கு உண்மையான ஆபத்து. 3 அடி உயரக் குவியல் ஒன்றை அறையின் நட்ட நடுவில் கொட்டினால் அந்த இடத்தில் சதுர அடிக்கு 100 கிலோவைத் தாண்டிவிடும். ஏற்ற ஏற்றப் பரப்பிவிட வேண்டும்.

ஓதம்:
அக்ரிலிக் கோட்டிங் வெயிலில் கிடந்து, மழையில் நனைந்து, மறுபடி காயும் மாடிக்கு. ஆறு மாதம் ஈர மண்ணுக்கு அடியில் கிடந்தால் மெத்துமெத்தென்று ஊறி உரிந்துவிடும். சாதாரணத் தார் ஷீட்டை வேர் துளைக்கும். உங்களுக்கு ஏற்றது ஈர மண்ணுக்கு அடியில் பயன்படுத்தலாம் என்று கம்பெனி எழுதித் தரும் பி.யு. (பாலியூரித்தேன்) கோட்டிங், காய்ந்த பின் குறைந்தது 1.5 மி.மீ. கனம்.

பி.யு. குமிழ் விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் தளத்தின் ஈரம். மூன்றடிக்கு மூன்றடி பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காய வேண்டும். பிப்ரவரி முதல் மே வரைதான் இந்த வேலைக்குக் காலம். ஆகஸ்டில் ஓட்டை உடைத்துப் போட்டுவிட்டு ஆள் கிடைக்காமல் அக்டோபர் மழையில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் கலவையைச் சாய்வாக வைத்து உருட்டிவிட்டுத்தான் கோட்டிங். நேர்மூலையில் அடித்தால் அங்கேதான் முதலில் கீறும். சுவரில் ஏறும் கோட்டிங் மண் மட்டத்துக்கு மேல் 6 இன்ச் இருக்க வேண்டும், மண்ணுக்கு அடியில் அல்ல. தளத்தைத் துளைத்து இறங்கும் குழாய், டேங்க் கால், ஒயர் பைப் ஒவ்வொன்றையும் சுருங்காத கிரவுட் (இடைவெளியை நிரப்பும் கலவை) வைத்து அடைத்து, கோட்டிங்கை அதன் மேலும் ஏற்றுங்கள். சதுர அடிக் கணக்கில் காசு வாங்குபவர் இந்த இடங்களில்தான் கையை இழுத்துக்கொள்வார்.

பிறகு வெளியேறும் குழாய்களை அடைத்து 2 இன்ச் தண்ணீர் கட்டி 72 மணி நேரம் விடுங்கள். வெயிலில் ஒரு நாளைக்கு அரை செ.மீ. போல ஆவியாகும், அதைக் கசிவு என்று நினைத்துப் பதற வேண்டாம். பக்கத்திலேயே ஒரு அகலமான வாளியில் தண்ணீர் வையுங்கள். வாளியில் இறங்கியதைவிட மாடியில் அதிகம் இறங்கினால் மட்டும் தேடுங்கள். மேலே பாதுகாப்புப் பூச்சு போட்ட பிறகு இதே சோதனை இன்னொரு தடவை. மண் போட்டபின் ஒழுகினால், சீலிங்கில் கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது, தண்ணீர் பத்தடி ஓடி வந்தும் இறங்கும். அதனால் 400 சதுர அடியை நடுவில் 6 இன்ச் வரப்புக் கட்டி இரண்டு பாகமாகப் பிரித்து, கோட்டிங்கை வரப்பின் மேலும் ஏற்றி, பாகத்துக்கு ஒரு அவுட்லெட் வைப்பது நல்லது. ஒழுகினால் பாதியைக் கிளறினால் போதும்.

அடுக்கு வரிசை: கோட்டிங், பாதுகாப்புப் பூச்சு (கம்பிக்கணக்கு சொன்ன ஒன்றரை இன்ச் இதுதான், வாட்டம் 100க்கு 1), அரை மி.மீ. அல்லது அதற்கு மேல் கனமுள்ள எச்டிபிஇ (கெட்டிப் பாலித்தீன்) வேர்த்தடுப்பு ஷீட், 20 மி.மீ. வடிகால் தட்டு, 150 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு கிராம்) வடிகட்டித் துணி, கலவை. எச்டிபிஇ ஷீட்டை ஓரடி மேலேற்றிச் சூட்டில் ஒட்ட வேண்டும், டேப் ஒட்டினால் வேர் அந்த வழியாகவே போகும். துணியைச் சுவரோரம் மண்ணுக்கு மேல் வரை மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மண் ஓரமாக இறங்கித் தட்டை அடைத்துவிடும்.

பொடுதலை:
கலவைக்குச் செங்கல் உடைசல்தான் நம்மூரில் மலிவு. சூளையில் கழிக்கும் கல்லை உடைத்து, பொடியைச் சலித்து நீக்கி, 3 முதல் 10 மி.மீ. வரை எடுத்துக்கொள்ளுங்கள். 400 சதுர அடிக்கு 3 இன்ச் என்றால் 100 கன அடி. படிந்து இறங்குவதற்கும் சேர்த்து 120 கன அடி தயார் செய்ய வேண்டும்: செங்கல் 60, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 24, செம்மண் 18, மண்புழு உரம் 18. ஐந்து கிலோ கோகோபீட் கட்டி ஊறினால் 70 லிட்டர் போல வரும், பத்துக் கட்டி தேவைப்படும். கழுவாத பீட்டில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். லேசாக இருக்கிறதே என்று கோகோபீட்டைப் பாதிக்கு மேல் போடுபவர்கள் உண்டு. இரண்டு மூன்று வருடத்தில் அது மக்கி அமுங்கும், முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது.

செம்மண்ணைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். கோரைக்கிழங்கு வந்துவிட்டால் அப்புறம் எடுக்கவே முடியாது. அதன் முளை நுனி ஊசி மாதிரி, வடிகட்டித் துணியைக் குத்திக்கொண்டு மறுபக்கம் வரும்.

கொரியன் புல் வேண்டாம் என்பேன். கோடையில் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் கேட்கும், 400 சதுர அடிக்கு 185 லிட்டர். உங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு. கணக்குப் போட்டால் மாதம் 11 கிலோ உப்பை அந்த 3 இன்ச் மண்ணில் கொட்டுகிறீர்கள். இலை நுனி கருகுவதைப் பார்த்து இன்னும் தண்ணீர் விடுவார்கள், இன்னும் கருகும். ஆர்ஓ கழிவு நீர் இதைவிட மோசம். ஏசியில் சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, அதைத் திருப்பிவிடுங்கள்.

பொடுதலை, பத்துமணிப்பூ, ரியோ, மருள், நடுநடுவே மழை லில்லி. இவை வேர் போட்டுவிட்டால் புல் கேட்பதில் பாதிக்கும் குறைவான தண்ணீரில் நிற்கும். வெளிநாட்டு வீடியோக்களில் வரும் சீடம் வகைகள் சென்னைப் புழுக்கத்தில் ஐப்பசியிலேயே அழுகிவிடும். மூங்கில், அரளி, அருகம்புல் மாடிக்கு ஏற்றவை அல்ல.

மாடிவாசி:
மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். மாடியிலேயே உள்ள டேங்கிலிருந்து சொட்டுநீர்க் குழாய் விட்டால் போதுமா? அனல் மட்டும் குறைய வேண்டும் என்றால் இவ்வளவு செலவு அவசியமா?

பொடுதலை:
டேங்க் தண்ணீர் மட்டம் தளத்திலிருந்து 2 மீட்டர் உயரம் என்றால் அழுத்தம் 0.2 பார்தான். கடையில் கிடைக்கும் இன்லைன் டிரிப்பர் (குழாய்க்குள்ளேயே பதித்த சொட்டுவான்) பெரும்பாலானவை 1 பார் கேட்கும், குழாயின் கடைசியில் சொட்டவே சொட்டாது. குறைந்த அழுத்தத்துக்கான டிரிப்பர் என்று கேட்டு வாங்குங்கள், அல்லது சின்ன பூஸ்டர் பம்ப் வையுங்கள். பம்ப் வைத்தால் ஒரு அடிக்கு ஒரு அடி இடைவெளியில் மணிக்கு 2 லிட்டர் விடும் டிரிப்பர், காலையில் ஆறேழு நிமிடம் இந்தச் செடிகளுக்குப் போதும். மாதம் ஒருமுறை மட்டும் அவுட்லெட்டில் தண்ணீர் வெளியே ஓடும் வரை விடுங்கள், உப்பு கழுவிப் போகும். முன்னால் ஒரு டிஸ்க் பில்டர் வைத்தால் அடைப்பு குறையும்.

கம்பிக்கணக்கு:
அனல் மட்டும்தான் பிரச்சினை என்றால் அவசியமில்லை. ஓட்டு இணைப்புகளைச் சரிசெய்து வெள்ளை நிறப் பிரதிபலிப்புப் பூச்சு அடியுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பசுமையும் வேண்டும் என்பவர்களுக்கு மட்டுமே மேலே சொன்னதெல்லாம்.

ஓதம்:
பராமரிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு அவுட்லெட்டின் மேலும் ஓரடிச் சதுரத்தில் துளையிட்ட பெட்டி, திறக்கும் மூடி, உள்ளே கொசுவலை, சுற்றிலும் 20 மி.மீ. கூழாங்கல். சுவரோரம் முழுக்க ஓரடி அகலத்துக்குச் செடி இல்லாமல் கல் மட்டும். செப்டம்பரில் பெட்டியைத் திறந்து வேர், சருகு எடுங்கள், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை. 2015 டிசம்பரில் உங்கள் தாம்பரத்திலேயே 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்தது. அவுட்லெட் அடைத்து 10 செ.மீ. தண்ணீர் நின்றால் சதுர அடிக்கு 9 கிலோ கூடுதல். எனவே கைப்பிடிச் சுவரில், மண் மட்டத்துக்கு 2 இன்ச் மேலே, பாகத்துக்கு ஒன்றாக 4 இன்ச் குழாய் வைத்து வெளியே நீட்டிவிடுங்கள். அதில் தண்ணீர் வந்தால் அடைப்பு என்று கீழே நிற்பவருக்கே தெரியும்.

காக்கை எச்சத்தில் அரசும் ஆலும் முளைக்கும். இரண்டு இலையில் விரலால் வரும், ஒரு சாண் வளர்ந்தால் வேர் சுவர் மூலையைப் பிடித்திருக்கும். களை எடுக்க மண்வெட்டி, கடப்பாரை மேலே போகக் கூடாது. தோட்டக்காரர் புதிதாக மாறும்போது இதைத் திரும்பச் சொல்லுங்கள்.