புது லைசன்ஸுக்கு முதல் லொறி எது: மரக்கறி முதலாளியா, மாதச் சம்பளக் கம்பெனியா?

தலவாக்கலைப் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். சி1 லைசன்ஸ் கைக்கு வந்துவிட்டது. இதுவரை ஓட்டியது பயிற்சிப் பள்ளி லொறியும் மாமாவின் டிமோ பட்டா என்கிற குட்டி லொறியும் மட்டும்தான். இப்போது மூன்று வேலை கண்ணில் படுகிறது.

ஒன்று, நுவரெலியாவில் ஒரு மரக்கறி முதலாளி. எல்ஃப் லொறி. சாயங்காலம் ஏற்றி இரவோடு இரவாகத் தம்புள்ளைச் சந்தைக்குப் போக வேண்டும். ட்ரிப்புக்கு இவ்வளவு என்று கையில் காசு. இரண்டாவது, ஹட்டனில் பிஸ்கட், சோடா விநியோகிக்கும் ஏஜென்சி. கன்டர் லொறி, பகல் வேலை, மாதச் சம்பளம், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) உண்டு, ஆனால் கைக்கு வருவது குறைவு. மூன்றாவது, நண்பன் கொழும்புக்குப் பக்கத்தில் பேலியகொடைக்கு வரச் சொல்கிறான், கொன்டெய்னர் கம்பெனியில் சேர்த்துவிடுகிறானாம்.

அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். தங்கச்சி ஏ.எல். படிக்கிறாள். எதில் சேரட்டும்?

கெப்பெட்டிபொல லொறி:
தம்பி, யோசிக்காமல் மரக்கறி லொறியில் ஏறு. 1,868 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்குள் புறப்பட்டு ரம்பொடை, புசல்லாவை, கம்பளை என்று வளைந்து வளைந்து இறங்குகிறாய். பிறகு கண்டிப் பக்கத்து நெரிசல், மாத்தளை, நாலந்தை, கடைசியில் தம்புள்ளைக்குப் போகும் நேர்ப்பாதை. ஒரே இரவில் எல்லா விதமான ரோட்டும் உன் கைக்குப் பழகும். ஏஜென்சி லொறியில் என்ன பழகுவாய்? கடைக்குக் கடை நிறுத்துவதும் சந்துக்குள் ரிவர்ஸ் எடுப்பதும்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. மரக்கறி லொறிக்காரனுக்குச் சந்தை தெரியும். கரட் எங்கே மலிவு, லீக்ஸை யார் எடுக்கிறார்கள், கோவாவுக்கு எப்போது விலை விழும் என்பதெல்லாம் ஓட ஓடத் தெரிந்துவிடும். எங்கள் பக்கம் சொந்த லொறி வைத்திருக்கிற நிறையப் பேர் இன்னொருவரின் லொறியை ஓட்டித்தான் ஆரம்பித்தார்கள். பிஸ்கட் பெட்டி இறக்கினவன் முதலாளியானதை நான் பார்த்ததில்லை.

ஹட்டன் கணக்கு:
அண்ணே, திறமை வளரும் என்று நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தம்பியின் வீட்டு நிலைமையையும் பாருங்கள். நான் ஒரு விநியோக ஆபீஸில் சம்பளப் பட்டியல் போடுகிறவள், அதனால் கணக்காகவே சொல்கிறேன்.

சம்பளம் 45,000 என்று வைத்துக்கொள்வோம். ஈபிஎஃபுக்கு உங்களிடம் 8 சதவீதம், அதாவது 3,600 பிடிப்பார்கள். கம்பெனி 12 சதவீதம், 5,400 போட வேண்டும். ஈடிஎஃபுக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) கம்பெனியே 3 சதவீதம், 1,350. ஆக மாதம் 10,350 ரூபாய் உங்கள் பெயரில் சேர்கிறது. அதில் உங்கள் பையிலிருந்து போவது 3,600 மட்டும்தான். ட்ரிப் காசையும் மாதச் சம்பளத்தையும் ஒப்பிடுகிறவர்கள் இதைச் சேர்த்துப் பார்ப்பதே இல்லை.

அப்புறம், 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் எத்தனை ரோடு மண்சரிவில் மூடிக் கிடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ட்ரிப் இல்லை என்றால் ட்ரிப்காரனுக்குக் காசு இல்லை. மாதச் சம்பளக்காரனின் வீட்டில் அந்த மாதமும் அடுப்பு எரிந்தது.

கெப்பெட்டிபொல லொறி:
தங்கச்சி, எல்லா ஏஜென்சியும் உங்கள் ஆபீஸ் மாதிரி ஒழுங்காக இருக்காது. சரக்குக் குறைந்தால் டிரைவர் சம்பளத்தில் வெட்டு. போத்தல் உடைந்தாலும் வெட்டு. கடைக்காரர் பாக்கி வைத்தாலும் டிரைவரைத்தான் கேட்கிறார்கள். ஓட்டப் போனவன் காசு வசூலிக்கிறவனாகவும் மூட்டை சுமக்கிறவனாகவும் ஆகிவிடுகிறான். மரக்கறி முதலாளி ட்ரிப் முடிந்ததும் கையில் காசைக் கொடுத்துவிடுவார். கணக்கு அங்கேயே தீர்ந்தது.

பேலியகொட ரன்:
நானும் பொகவந்தலாவைக்காரன்தான். தம்பி, கீழே வந்துவிடு. மலையில் எந்த வேலை செய்தாலும் கடைசியில் சின்ன லொறிதான். இங்கே துறைமுக வேலை இருக்கிறது, பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. கொன்டெய்னர் ஓட்டினவனுக்கு வெளிநாட்டிலும் வேலை கிடைக்கும். கட்டார், சவூதி என்று போகிறவர்கள் எல்லாம் இப்படிப் போனவர்கள்தான்.

பண்டாரவளை கராஜ்:
ஒரு நிமிடம். தம்பிக்கு இருப்பது சி1. அதில் ஓட்டக்கூடியது மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறி. அதற்கு மேல் என்றால் சி வேண்டும், ட்ரெயிலர் இழுக்கும் பிரைம் மூவருக்கு சிஈ வேண்டும். "வா, ஏற்றிவிடுகிறேன்" என்று யாராவது சொல்லி ஏறினால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். பொலிஸ் கேஸ் தம்பியின் பெயரில் விழும். நண்பனிடம் முதலில் இதைக் கேள்.

பேலியகொட ரன்:
அது சரிதான். உடனே பிரைம் மூவரில் ஏறச் சொல்லவில்லை. இங்கேயும் சின்ன லொறி இருக்கிறது, ஓட்டிக்கொண்டே மேல் வகுப்பு எடுக்கலாம். ஆனால் அறை வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்று கணக்குப் பார்த்துவிட்டு வா. முதல் வருடம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

தலவாக்கலைப் பையன்:
நன்றி அண்ணே. அப்படியென்றால் பேலியகொடையைப் பிறகு பார்க்கிறேன், தங்கச்சியின் பரீட்சை முடியும் வரை வீட்டோடு இருக்கவும் விருப்பம். இப்போது முதல் இரண்டுக்கும் நடுவில்தான் குழப்பம்.

பண்டாரவளை கராஜ்:
நீங்கள் எல்லாரும் முதலாளியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் லொறியைப் பற்றிச் சொல்கிறேன். வேலைக்குச் சேருமுன் அந்த லொறியைக் காட்டச் சொல். காட்டத் தயங்கும் இடத்தில் சேராதே.

எஞ்ஜினை ஸ்டார்ட் செய்து பிரேக் பெடலை அழுத்திப் பிடி. கால் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் எங்கேயோ கசிவு. பெடல் பஞ்சு போல இருந்தால் எண்ணெயில் காற்று கலந்திருக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நுவரெலியாக் குளிரில் ஈரத்துக்கா குறைச்சல்? நீண்ட இறக்கத்தில் சக்கரம் சூடேறும்போது அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகும், அப்போது பெடல் தரைவரை போகும், லொறி நிற்காது. எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேள். பதில் தெரியாத முதலாளி மாற்றவில்லை என்றுதான் அர்த்தம். எக்ஸோஸ்ட் பிரேக், அதாவது புகை போகும் வழியை அடைத்து எஞ்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது, வேலை செய்கிறதா பார். பல பழைய லொறிகளில் வயரைக் கழற்றி விட்டிருப்பார்கள். முன் டயரில் டேக் (தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுவது) போட்டிருந்தால் அந்த லொறியே வேண்டாம்.

கடைசியாக, அந்த லொறியின் பழைய டிரைவர் எப்படி இறங்குகிறார் என்று பார். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர் என்றால் அவரிடம் எதையும் கற்றுக்கொள்ளாதே. கியரில் போட்டு எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இறக்கத்தில் எஞ்ஜினுக்கு டீசல் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு டீசல் எரிகிறது. எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. சில பேர் எஞ்ஜினையே நிறுத்திவிட்டு இறங்குகிறார்கள். சின்ன லொறிகளில் பிரேக்குக்குத் துணை நிற்கும் வேக்யூம் எஞ்ஜின் ஓடினால்தான் வரும். ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

ஹட்டன் கணக்கு:
இதற்குத்தான் நான் இரவு ட்ரிப் வேண்டாம் என்கிறேன். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது அதிகாலை நேரம். தம்பி தம்புள்ளைக்குப் போகப் போவதும் அதே ரோட்டில்தான். லைசன்ஸ் எடுத்த கையோடு, பாரம் ஏற்றிய லொறியை, தூக்கம் வரும் நேரத்தில், "விடிவதற்குள் சந்தைக்குப் போ" என்று ஒருவரிடம் கொடுப்பது சரியா அண்ணே?

கெப்பெட்டிபொல லொறி:
தனியாகக் கொடுப்பது சரியில்லை. அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். பக்கத்தில் பழைய டிரைவர் இல்லாமல் புதுப் பையனை ரம்பொடையில் இறக்குகிற முதலாளி முதலாளியே இல்லை. நேரத்துக்குப் போகாவிட்டால் விலை விழும், அந்த அவசரம் லொறிக்குள் இருக்கத்தான் செய்யும். அதனால்தான் சொல்கிறேன், அந்த அவசரத்தை அனுபவசாலியின் பக்கத்தில் உட்கார்ந்து பழக வேண்டும். பகலில் மட்டும் ஓட்டிப் பழகினவனும் ஒருநாள் இரவில் போகத்தான் வேண்டும். அன்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்க யார் இருப்பார்கள்?

பகல் வேலை என்றால் ஆபத்து இல்லை என்று நினைக்கவும் வேண்டாம். நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் மோதி 7 பேர் இறந்த பிறகு கனரக வாகனங்களுக்கு அந்தப் பாதை தடை. ஹட்டன் ஏஜென்சி என்றால் நுவரெலியாவுக்கும் சரக்கு போகும். "அந்தப் பக்கமாகப் போ, சீக்கிரம் வந்துவிடலாம்" என்று சொல்கிற சூப்பர்வைசர் இருக்கிறாரா என்று விசாரித்துப் பார்.

ஹட்டன் கணக்கு:
அது நியாயமான கேள்வி. தம்பி, அதையும் கேளுங்கள். இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, ஈபிஎஃப் எந்தத் தொகைக்குக் கட்டுகிறார்கள்? கைக்கு 45,000 என்று சொல்லிவிட்டு 30,000க்கு மட்டும் கட்டுகிற இடங்கள் உண்டு. 2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்சச் சம்பளமே 30,000தான், அதற்குக் கீழே அடிப்படை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். சரக்குக் குறைந்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. ஒரிஜினல் லைசன்ஸை ஆபீஸில் வைக்கச் சொன்னால் கொடுக்கவே கூடாது. ஓட்டும்போது அது உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

மரக்கறி முதலாளிக்கும் இதே சட்டம்தான் அண்ணே. ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் ஈபிஎஃப் கட்ட வேண்டும். ட்ரிப் கூலி என்பதற்காக விலக்குக் கிடையாது.

கெப்பெட்டிபொல லொறி:
சட்டம் அப்படி இருக்கலாம் தங்கச்சி. லீசிங் கட்டி, டயர் மாற்றி, டீசல் அடித்து, விலை விழுந்த அன்று நஷ்டத்தையும் தாங்குகிற ஒற்றை லொறி முதலாளி அதையும் கட்டினால் லொறியை விற்க வேண்டியதுதான்.

ஹட்டன் கணக்கு:
டிரைவரின் முதுமைக்குச் சேர வேண்டிய பணத்தில்தான் அந்த லொறி ஓடுகிறது என்றால், அந்த நஷ்டத்தைத் தாங்குகிறவர் முதலாளி இல்லை அண்ணே. நம் அப்பா, அம்மாவுக்குத் தோட்டத்தில் குறைந்த சம்பளம்தான். ஆனாலும் ஈபிஎஃப் இருந்ததால்தான் வேலை விட்ட பிறகு கையில் ஏதோ வந்தது. பிள்ளைகள் அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே வேலைக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பண்டாரவளை கராஜ்:
இரண்டு இடத்தையும் போய்ப் பார்த்தாயா தம்பி? லொறி எப்படி?

தலவாக்கலைப் பையன்:
பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே பெடலை அழுத்திப் பார்த்தேன். இரண்டு லொறியிலும் பிரேக் நன்றாக இருக்கிறது. எல்ஃபில் எக்ஸோஸ்ட் பிரேக் வேலை செய்யவில்லை. செய்து தருவதாக முதலாளி சொன்னார். முதல் மாதம் பழைய டிரைவர் கூட வருவாராம், ஆனால் அந்த மாதம் எனக்குப் பாதிக் காசுதான். ஏஜென்சியில் ஈபிஎஃப் முழுச் சம்பளத்துக்கும் கட்டுகிறார்கள், சீட்டைக் காட்டினார்கள். ரதெல்லவால் போகச் சொல்வதில்லை என்று அங்கே ஓட்டுகிற அண்ணனும் சொன்னார். ஒரே ஒரு விஷயம், நியமனக் கடிதத்தில் "விநியோக உதவியாளர்" என்று போட்டிருக்கிறது. டிரைவர் என்று இல்லை. பரவாயில்லையா?

ஹட்டன் கணக்கு:
பரவாயில்லை என்று விடாதீர்கள். "சாரதி" என்று மாற்றித் தந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பின்னால் பெரிய கம்பெனிக்கோ வெளிநாட்டுக்கோ போக அனுபவக் கடிதம் கேட்கும்போது அங்கே இருக்கிற பதவிப் பெயர்தான் எழுதித் தருவார்கள். உதவியாளராக எத்தனை வருடம் இருந்தாலும் அதை ஓட்டிய அனுபவமாக யாரும் எடுக்க மாட்டார்கள்.

பேலியகொட ரன்:
இதில் அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கடிதம் இல்லாமல் இங்கே வந்து திரும்பிப் போகிறவர்களை நான் பார்க்கிறேன்.

தலவாக்கலைப் பையன்:
சரி, திங்கட்கிழமை ஏஜென்சிக்குப் போய்க் கேட்கிறேன். மாற்றித் தந்தால் அங்கே சேர்கிறேன். மறுத்தால் மரக்கறி முதலாளியிடம் போய், எக்ஸோஸ்ட் பிரேக்கைச் செய்து ஈபிஎஃபும் கட்டுவீர்களா என்று கேட்பேன்.

கெப்பெட்டிபொல லொறி:
உன் முடிவு தம்பி. நான் இன்னும் மரக்கறி லொறி என்றுதான் சொல்வேன். அந்த முதலாளியிடம் போனால் ஈபிஎஃப் பேச்சைத் தனியாக எடு. மூட்டை ஏற்றும் ஆட்களுக்கு முன்னால் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். எக்ஸோஸ்ட் பிரேக்கை மட்டும் எல்லாருக்கும் முன்னால் கேள்.