ஜேமீட்டர் சோதனையில் ஹெடர்கள் காணாமல் போகின்றன

கேள்வி (கோத்தகிரி):
வணக்கம். சிறு தேயிலை விவசாயிகளின் பச்சை இலையை எடை போடும் மையங்களிலிருந்து பதிவுகளைப் பெறும் இணையச் செயலி ஒன்றைப் பராமரிக்கிறேன். மாலையில் எல்லா மையங்களும் ஒரே நேரத்தில் எடைகளை அனுப்பினால் தாங்குமா என்று பார்க்க, பிரவுசரில் செய்த வேலையைச் சுமைச் சோதனைக் கருவியான ஜேமீட்டரின் ரெக்கார்டரில் பதிந்து 200 பயனர்களுடன் ஓட்டினேன். லாகின் தவிர அனைத்துக்கும் 401 (அனுமதி இல்லை) பிழை. கோரிக்கையுடன் போகும் கூடுதல் தகவல்களான ஹெடர்களை வைக்கும் ஹெடர் மேனேஜரில் அக்செப்ட், யூசர்-ஏஜென்ட் எல்லாம் இருக்க, டோக்கனைக் கொண்டுபோகும் ஆத்தரைசேஷன் மட்டும் இல்லை. லாகினில் கிடைக்கும் அடையாளச் சரமான அந்த டோக்கனைக் கையால் ஒட்டிய பின் 401 போய் 400 (கோரிக்கை தவறு) வருகிறது. ‘சென்டர்_கோட்’ ஹெடர் வரவில்லை என்கிறது செயலி. ஜேமீட்டரின் முடிவுகளைக் காட்டும் வியூ ரிசல்ட்ஸ் ட்ரீயிலோ அது அனுப்பப்பட்டதாகவே தெரிகிறது.

பதில் (குன்னூர்):
முதலாவது, அதாவது ஆத்தரைசேஷன் இல்லாதது, பிழையே அல்ல. ரெக்கார்டர் தான் உருவாக்கும் ஹெடர் மேனேஜர்களிலிருந்து குக்கி, ஆத்தரைசேஷன் இரண்டையும் எப்போதும் நீக்கிவிடும். டோக்கனை ஒட்டுவதும் சரியான வழியன்று. 200 பயனர்களும் ஒரே மையமாகவே தெரிவார்கள். லாகின் பதிலிலிருந்து, மதிப்புகளைப் பிரித்தெடுக்கும் ஜேசன் எக்ஸ்ட்ராக்டரால் டோக்கனை எடுத்து ஒரு மாறியில் வைத்து, அந்த மாறியை ஹெடர் மேனேஜரில் கொடுங்கள். அந்த மேனேஜரை லாகின் கோரிக்கையை அனுப்பும் சாம்ப்ளருக்குள் வைத்தால் லாகினுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், மற்றக் கோரிக்கைகளை ஒரு சிம்பிள் கன்ட்ரோலருக்குள் சேர்த்து அங்கே வையுங்கள். டாலர் குறியும் அடைப்புமாக மாறியின் பெயரே அப்படியே போவதைக் கண்டால், அந்த மாறியில் எதுவும் வைக்கப்படவில்லை என்று பொருள்.

பதில் (கொடைக்கானல்):
இரண்டாவதான 400 பிழைக்கு ஜேமீட்டரைக் குறை சொல்ல முடியாது. அனுப்பியதாக அது காட்டினால் அது அனுப்பிவிட்டது. சோதனைச் சேவையகத்தின் முன்னால், கோரிக்கைகளை வாங்கிச் செயலிக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் இருக்கிறதா? பெயரில் அடிக்கோடு உள்ள ஹெடர்களை அது இயல்பாகவே சத்தமின்றிக் கைவிட்டுவிடும். கைவிட்டது பற்றிய குறிப்பு இன்ஃபோ (சாதாரணத் தகவல்) நிலையில்தான் எழுதப்படுவதால் வழக்கமான எரர் லாகிலும் தென்படாது. நானும் இதே இடத்தில் ஒரு நாள் முழுவதையும் தொலைத்திருக்கிறேன். ஒரே கோரிக்கையைக் கட்டளைவரிக் கருவியான கர்ல் மூலம் செயலியின் போர்ட்டுக்கு நேரடியாக ஒரு முறையும், என்ஜின்எக்ஸ் வழியாக ஒரு முறையும் அனுப்பிப் பாருங்கள். ‘அண்டர்ஸ்கோர்ஸ்_இன்_ஹெடர்ஸ்’ அமைப்பை ஆன் செய்தாலும் போதும். பெயரில் இடைக்கோடு போடுவதே நல்லது என்பது என் கருத்து.

கேட்டவர்:
ஆம், சோதனைச் சேவையகத்தில் மட்டும் சென்ற வாரம் என்ஜின்எக்ஸ் சேர்த்திருந்தோம். கர்லில் நேரடியாக அனுப்பியது 200 (வெற்றி) தந்தது, மற்றது 400. ‘சென்டர்-கோட்’ என மாற்றியதும் பிழை நின்றது. டோக்கன்களையும் பிரித்துவிட்டேன், அத்தனை எடையும் ஒரே மையத்தின் கணக்கில் ஏறியிருந்ததை இப்போதுதான் கவனித்தேன்.