மூலிகை எண்ணெய், தழை இதில் மாட்டிக்கொண்டு முழித்த அனுபவம் உண்டா?

கடைவாய்ப்பல்:
இரவு இரண்டு மணி, பல்வலி. வழக்கமாக ஒரு கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டால் எப்படியோ தூங்கிவிடுவேன். அன்று கிராம்பு தீர்ந்துபோய் எண்ணெய்தான் இருந்தது. இரண்டும் ஒன்றுதானே என்று பஞ்சில் தோய்த்து ஈறோடு சேர்த்து அமுக்கிவிட்டேன். வலி நின்றது, பொய் சொல்லக்கூடாது. காலையில் கண்ணாடியில் பார்த்தால் பல்லை ஒட்டிய ஈறு வெந்த முட்டை மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நாக்கு நுனி பட்டதும் தோல் சுருண்டு வந்தது. பல் மருத்துவர் வாயை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "கிராம்பு எண்ணெயா?" அவர் கேட்ட விதம் இன்னும் காதில் நிற்கிறது.

குளிர்ந்தநெற்றி:
எனக்குப் புதினா எண்ணெய். தலைவலிக்கு நெற்றியில் தடவியதை மறந்து அப்படியே குளிக்கப் போய்விட்டேன். வெந்நீர் ஊற்றியதும் எண்ணெய் கண்ணில் வழிந்துவிட்டது. கண் எரிகிறது, நெற்றி ஜில்லென்று விறைக்கிறது. தண்ணீர் சுடுகிறதா குளிர்கிறதா என்றே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குழாயை இரண்டு பக்கமும் திருகிக்கொண்டிருந்தேன். புதினா எண்ணெயில் இருக்கும் மெந்தால் எதையும் குளிர வைப்பதில்லை என்று பிறகுதான் படித்தேன். குளிரை உணரும் நரம்பில் டிஆர்பிஎம்8 என்று ஒரு வாயில் இருக்கிறது. மெந்தால் போய் அதைத் திறந்துவிட, மூளை ஏமாந்துபோகிறது. 2002-ல் இதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் 2021-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். வெப்பம், தொடுதல் உணர்வு பற்றிய ஆய்வுகளுக்காக. என் கண் சிவப்பு இறங்கத்தான் சாயங்காலம் ஆயிற்று.

சோப்புநாக்கு:
எனக்கு எண்ணெய் இல்லை, கொத்தமல்லித் தழை. தோழி வீட்டில் சாப்பிடும்போது முதல் வாயிலேயே சோப்பு வாசம். யோசிக்காமல், "கரண்டியைச் சரியாக அலசவில்லையோ?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் எல்லார் முன்னாலும் கரண்டியைத் திரும்பக் கழுவினாள். தழையில் இருக்கும் ஆல்டிஹைடு வகைகள் சோப்பிலும் உண்டாம். சிலருக்கு அந்த வாசம் தூக்கலாகத் தெரிவதில் ஓஆர்6ஏ2 என்ற மரபணுவுக்குப் பங்கிருக்கிறது என்கிறார்கள். இதை அவளிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

பச்சிலைப்பித்தன்:
கடைவாய்ப்பல் அண்ணா, கிராம்பைக் குறை சொல்லாதீர்கள். தற்காலிகமாகப் பல் அடைக்கும்போது துத்தநாக ஆக்சைடோடு கிராம்பில் இருக்கும் யூஜெனால் சேர்த்துக் குழைப்பது பல் மருத்துவர்களே செய்வதுதான். தப்பு அளவில். கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால்தான். முழுக் கிராம்பைக் கடித்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், நீங்கள் மொத்தமாக ஊற்றிவிட்டீர்கள். எந்த மூலிகை எண்ணெயையும் சமையல் எண்ணெயில் கலந்து நீர்க்கச் செய்யாமல் தொடவே கூடாது. குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் புட்டியே இருக்கக் கூடாது. யூகலிப்டஸ் தைலம் சில மில்லி உள்ளே போனாலே வலிப்பு வரலாம். கைக்குழந்தை மூக்கருகில் மெந்தால், கற்பூரம் வேண்டவே வேண்டாம். சமையலுக்கும் சொல்லிவிடுகிறேன்: துளசி, புதினா, கொத்தமல்லி மாதிரி மெல்லிய இலைகளை அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். ரோஸ்மேரி, தைம் மாதிரி விறைப்பானவற்றை முதலிலேயே போடலாம். காய்ந்த தழை என்றால் பச்சையில் மூன்றில் ஒரு பங்கு போதும். என் அனுபவமா? கற்பூரவல்லி இலையைப் பச்சையாக நாலு மென்று, அரை நாள் நாக்கு மரத்துக் கிடந்தேன். அவ்வளவுதான்.

கடைவாய்ப்பல்:
தம்பி, நான் எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். கிராம்பை எங்கே குறை சொன்னேன்? ஈறு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. பல்லைத்தான் பிடுங்கும்படி ஆயிற்று. அதற்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை, சொத்தை வேர் வரை போயிருந்தது. வலி தெரியாமலே இத்தனை நாள் மரக்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.