புதுப்பிப்பு: மீன் வண்டியின் பேட்டரி சிக்கல்

பாம்பனிலிருந்து மீன் ஏற்றும் என் பிக்கப் வண்டியில் அடுத்தடுத்துப் போட்ட இரண்டு பேட்டரிகளும் ஓராண்டுகூடத் தாங்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் இப்போது தெரிந்துவிட்டது. நான் சந்தேகப்பட்ட, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் குறை எதுவும் இல்லை. மண்டபத்து எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது, இன்ஜின் ஓடுகையில் ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட் இருந்தும் பேட்டரி முனைகளில் 13.3 மட்டுமே வந்தது. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜினுக்கும் இடையில் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாத இழப்பு, 0.8 வரை இருந்தது.

அந்த நெகட்டிவ் முனையை, வண்டியின் இரும்புச் சட்டமான சேஸி வழியாக இன்ஜினோடு இணைக்கும் எர்த் வயரைக் கழற்றினால், உப்புக்காற்றும் ஐஸ் பெட்டியிலிருந்து வழியும் மீன் தண்ணீரும் அரித்து, வெளியே நன்றாகத் தெரிந்த உறைக்குள் செம்பு பச்சையாகப் பொடிந்து கிடந்தது. முனைகளை மட்டும் வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டு நிம்மதியாக இருந்த என்னைத்தான் சொல்ல வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏறாமலே ஓடும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும் என்பதால், முதல் இரண்டும் அப்படித்தான் வீணாகியிருக்க வேண்டும்.

சேஸியில் வயர் பொருந்தும் இடத்தைப் பளபளப்பாகச் சுரண்டி, தடித்த புது வயர் போட்டு, மேலே வாசலின் பூசினோம். இப்போது பேட்டரி முனையிலேயே 14.1 வருகிறது, இரவு முழுவதும் நிறுத்திய பின்னும் காலையில் 12.6 இருக்கிறது.